விளிம்பைப் பிடிய்யா!

"யோவ் க்ளைட், காசை விளிம்புல பிடிய்யா! காசு முகத்துல விரலை வச்சா ரேகை பதிஞ்சு கறையாயிடும்னு உனக்கு நான் சொல்லணுமா?"

ஒஹாயோவில் பழங்காசுக் கடை வைத்திருக்கும் மெர்வின் கத்தினார்.

முப்பது வருடமாக ஒரு சென்ட் காசுகள் சேர்க்கும் க்ளைட் கண்டுகொள்ளவில்லை. ஆல்பத்தில் இருந்த தேய்ந்த காசுகளைக் கொடுத்துவிட்டு, அதே வருடத்து நல்ல காசுகளாக மாற்றிக்கொண்டிருந்தார்.

"இது வேண்டாம். அந்தக் கறுப்பைக் கொடு."

"பளபளன்னு இருக்கறதை விட்டுட்டு கறுத்துப்போனதைக் கேக்குறியே! அப்படி என்ன அவசரம், வாரா வாரம் வந்து நிக்கிற?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும்தான்னு டாக்டர் சொல்லிட்டார்."

மெர்வின் சட்டென்று நிமிர்ந்தார். "என்னய்யா சொல்ற?"

"அட, உயிர் போகாதுய்யா. பார்வைதான்."

க்ளைட் கண்ணை மூடிக்கொண்டு கறுத்த காசைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஆயிரத்தி எண்ணூத்தி எண்பத்தொம்பது. சரியா? பளபளப்பு விரலுக்குத் தெரியாது. வருஷம் எழும்பி நிக்கணும்."

மெர்வின் பூதக்கண்ணாடியில் பார்த்தார். சரிதான்.

அடுத்த காசுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவரும் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு காசின் முகத்திலும் கட்டைவிரலை வைத்துத் தேட ஆரம்பித்தார்.