சமையலறையில் இருக்கும் காற்று

“காத்து வந்துருச்சா?” என்று பையனின் அறையிலிருந்து குரல் கொடுத்தார் என் கணவர்.

“இருங்க, அனுப்புறேன்” என்று அடுப்பைத் தணித்துவிட்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

விமானம் ஓடுவது அவர் இருக்கும் அறையில், நிஜம்போலவே விமானம் ஓட்டவைக்கும் கணினி விளையாட்டில். காற்றும் மழையும் கிளம்புவது என் சமையலறையில், மிக்ஸிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பழைய மடிக்கணினியிலிருந்து.

இரண்டையும் ஒரே கணினியில் போட்டால் படம் திக்கித் திக்கி நின்றது. வானிலையை மட்டும் இன்னொன்றில் ஓடவிட்டு ஒயர் போட்டு இணைத்துவிடுங்கள் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் வழி சொன்னார். அந்த ஒயர் கூடத்தின் குறுக்கே போகிறது. இதுவரை நான் நாலு தடவை தடுக்கியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட இல்லை.

இது பொழுதுபோக்கு இல்லை. பதினான்கு மாதத்துக்கு முன்னால் எங்கள் பையன் ஒரு சின்னச் சரக்கு விமானத்தை இறக்கப் போய், ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே விழுந்தான். உள்ளே அவன் ஒருவன்தான் இருந்தான்.

விசாரணை அறிக்கை நூற்றுப்பத்துப் பக்கம். காற்று பலமாகத்தான் இருந்தது, ஆனாலும் இறக்கியிருக்கலாம், தவறு விமானியுடையது என்று முடித்துவிட்டார்கள்.

அந்த அறிக்கையைப் பார்த்து அன்றைய மழை, மேகம், காற்று எல்லாவற்றையும் எண் எண்ணாக இந்த மடிக்கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார் இவர். பக்கவாட்டுக் காற்றின் வேகம் விமானக் கணக்கில் முப்பத்தெட்டு நாட். தினமும் பகல் ஒரு மணிக்கு, அவர் கேட்டதும் பொத்தானை அமுக்கி அதை அந்த அறைக்கு அனுப்புவது என் வேலை.

முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். ஒரு சந்துக்குள் பின்பக்கமாக விட்டு எடுத்தாலும் பஸ்ஸில் கீறல் விழாது. விமானத்தைத் தினம் ஒன்றாகப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறார்.

ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கேட்கும். நான் காதைப் பொத்திக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் குழாயைத் திறக்கும் சத்தம் வரும். கை கழுவிவிட்டு வந்து உட்காருவார்.

வந்து நன்றாகச் சாப்பிடுவார். அதுதான் எனக்குப் பொறுக்காது. எனக்கு ஒரு வாய் இறங்காது, இவர் இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டுவார். பெற்ற பிள்ளை விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு எப்படி ஐயா பசிக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை அவனைப் பத்திரமாக இறக்கிவிட்டால் இந்த மனிதர் ஆறிவிடுவார் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் அது வேண்டியிருந்தது. அவன் இறங்கும் சத்தத்தை ஒரு தடவையாவது என் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது.

அதனால் இன்று முப்பத்தெட்டை அழித்துவிட்டு இருபது என்று போட்டேன். அனுப்பினேன்.

குழம்பைக் கிளறுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

எஞ்சின் இரைந்தது. மழை இரைந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் வரும் இடம் வந்தது, போனது. பிறகு சக்கரம் தரையில் உரசும் ஓசை கேட்டது. இந்த வீட்டில் இதுவரை கேட்காத ஓசை. நீளமாக உரசி, மெதுவாகி, நின்றது.

என் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது.

முதல் வேலையாக இருபதை அழித்து முப்பத்தெட்டைத் திரும்பப் போட்டேன். தடயம் இருக்கக் கூடாதே. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

திரையில் விமானம் ஓடுபாதை நடுவில் நின்றிருந்தது. கண்ணாடியில் வைப்பர் அசைந்துகொண்டிருந்தது. இவர் இரண்டு கையையும் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எறக்கிட்டீங்களே” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பஸ் ஓட்டுனவனாலயே முடியுது. அப்போ அவங்க எழுதுனது சரிதான்.”

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. இத்தனை மாதமும் விமானம் விழுந்த ஒவ்வொரு நாளும் இவருக்கு நல்ல நாள். யாராலும் முடியாதது அவனாலும் முடியவில்லை, அவ்வளவுதான் என்று நிம்மதியாக வந்து சாப்பிட்டிருக்கிறார்.

காற்றைக் குறைத்தது நான்தான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மடிக்கணினி முன்னால் நிறுத்தினேன்.

முப்பத்தெட்டு என்று காட்டியது.

அதைப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். கல்யாணமான புதிதில் எப்போதோ அப்படி வைத்திருக்கிறார்.

“நீ அவன் அம்மா. அப்படித்தான் சொல்லுவ” என்றார்.

மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன். நான் தொடவே மாட்டேன், நீங்களே பொத்தானை அமுக்குங்கள் என்றேன். காலைப் பிடிக்காத குறை.

“விழுந்துடும்ங்க. சத்தியமா விழுந்துடும்.”

அவர் கூடத்துக்குப் போய் ஒயரைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினார்.