பாட்டில் முத்தம்

டெல்சியின் தண்ணீர் பாட்டிலில் டெனிஷ் வாய் வைத்துக் குடித்ததைக் கல்லூரி பஸ்ஸே பார்த்தது.

இந்தப் பக்கம் கூடப்பிறந்தவனே ஆனாலும் அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்பான். டெனிஷோ அவள் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து, கேட்காமலே பாட்டிலை எடுத்து, உதடு பதித்து நிதானமாகக் குடித்துவிட்டு, மூடியைத் திருகிக் கொடுத்தான்.

கடைசி சீட்டில் இருந்த ஸ்மைலினுக்கு இது போதும். ஜப்பான் அனிமே கார்ட்டூன்களைத் தின்று வளர்ந்தவன். ஊரில் உள்ள எல்லார் குரலும் அவன் தொண்டையில் வாடகை இல்லாமல் குடியிருக்கும்.

கம்பியைப் பிடித்து எழுந்து நின்று பாடம் நடத்தினான். ஜப்பான்காரன் கதையில் முத்தம் லேசில் வராது. ஒரு சீசன் முழுக்கக் குடையும் மழையும் பெருமூச்சுமாகப் போகும். மனசில் இருப்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். முதல் முத்தம் என்றால் அங்கே பாதிக் கல்யாணம். ஒருத்தர் வாய் வைத்த பாட்டிலில் இன்னொருத்தர் வாய் வைத்தாலும் அது முத்தத்தில்தான் சேர்த்தி. அதற்குப் பேரே மறைமுக முத்தம்.

சொல்லிவிட்டு, கதாநாயகி வெட்கப்பட்டுக் கீச்சிடுவதுபோல் ஒரு குரல். உடனே தொண்டையைச் செருமி, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும் பங்குச் சாமியாராக மாறினான்.

"நமது பஸ்ஸைச் சேர்ந்த டெனிஷுக்கும் டெல்சிக்கும் முதலாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் டிரைவரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

டிரைவர்கூடச் சிரித்தார். டெனிஷ் திரும்பியே பார்க்கவில்லை. டெல்சி ஷாலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இனயம் ஸ்டாப்பில் இறங்கும்போது கண் சிவந்திருந்தது.

முன்சீட்டு சுபிதா ஸ்மைலினைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, உனக்கு எல்லாமே விளையாட்டுதானா? ஆறு மாசம் சீக்காக் கிடந்துட்டு இப்பதான் வந்திருக்கா. அவ அப்பா காதுல இது விழுந்தா படிப்பை நிறுத்திப்போடுவாரு."

ஸ்மைலின் எல்லாக் குரலையும் மூட்டை கட்டிவிட்டுக் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை பஸ் இனயத்தில் நின்றபோது கழுத்தை நீட்டிப் பார்த்தான். வந்துவிட்டாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சொந்தக் குரலில் பேசிப் பழக்கமில்லாததால் வார்த்தை இடறியது. புத்தியில்லாமல் செய்துவிட்டேன், அது முத்தமும் இல்லை மண்ணும் இல்லை என்று இப்போதே எழுந்து நின்று எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றான்.

"சொல்லாண்டாம் மக்கா," என்றாள் டெல்சி.

"உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"நானே சொல்லிட்டேன். அவரும் சிரிச்சாரு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள்.

"எனக்கு டிபி வந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். மருந்து முழுக்கத் தின்னு முடிச்சாச்சு, இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஆனாலும் திரும்பி வந்த நாள்ல இருந்து என் பக்கத்துல ஒருத்தரும் இருக்கல. சுபிதா முன்னால போயிட்டா. நீயும்தான் வரல. இனி காலேஜுக்கு வரமாட்டேன்னு முந்தாநாள் டெனிஷ்ட்ட சொன்னேன். அதுக்குத்தான் அவன் எல்லாரும் பாக்க அப்படிக் குடிச்சான்."

"அப்ப நேத்து நீ அழுதியே?"

"சிரிச்சேன்லே. சிரிச்சுச் சிரிச்சுத்தான் கண்ணு நிறைஞ்சுபோச்சு. இவ்வளவு நாளும் நோய்க்காரின்னு ஒதுங்கிப் போனிய. நேத்துதான் மத்த பிள்ளைகளைப்போல என்னையும் கேலி பண்ணினிய."