ஆட்டைத் திருப்பிக் கூட்டி வரணும்

டிரைவர் ஆதிமூலத்தை இனி எந்தப் பிள்ளையோடும் தனியாக விடக்கூடாது என்று ரெஜினா டீச்சர் முடிவு செய்துகொண்டாள்.

ஜீப்புக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. வெட்டுப்பட்ட இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. இரண்டு பக்கமும் கரும்பு. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

"மறியல் நாளைக்குத்தானே டிரைவர்?"

"நாளைக்குத்தான் டீச்சர். மரத்த இன்னிக்கே சாய்ச்சிட்டாங்க."

எண்பத்தேழாம் வருஷம் அது. இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்தது. ஆதிமூலமும் மறியல்காரர்களில் ஒருவன்தான். கேட்பது நியாயம் என்று காலையில் அவன் சொன்னபோது ரெஜினாவும் தலையாட்டினாள்.

மத்தியானம் காதில் விழுந்த பேச்சுதான் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கணக்குக் கண்காட்சி. 'எல்லாவற்றையும் தொட்டுப் பார்' என்று வாசலிலேயே எழுதியிருந்தார்கள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து அவள் அழைத்து வந்த ஆறு பிள்ளைகளும் தொடாத சாமான் இல்லை. கரடுமுரடான பலகையில் குலுங்காமல் ஓடும் சதுரச் சக்கரம் ஒன்று இருந்தது. "நம்ம மலை ரோட்டுக்கு இத்த மாட்டு மாமா, தல இடிக்காது," என்றாள் ஆயம்மாள். ஆதிமூலம் விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த மேஜையில் மரப் பொம்மைகள். புலி, ஆடு, புல்லுக்கட்டு, ஒரு படகு. படகில் ஒவ்வொன்றாகத்தான் அக்கரைக்குக் கொண்டுபோகலாம். புலியோடு ஆட்டை விட்டால் ஆடு போச்சு. ஆட்டோடு புல்லை விட்டால் புல் போச்சு. ரெஜினாவே திணறினாள். ஆயம்மாள்தான் கண்டுபிடித்தாள்.

"ஆட்டத் திருப்பிக் கூட்டியாரணும் டீச்சர்!"

பிள்ளைகளுக்குத் தண்ணீர் வாங்க வெளியே வந்தபோது, டீக்கடை ஓரம் ஆதிமூலம் இரண்டு பேரிடம் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான்.

"புள்ளைங்க என் வண்டியிலதான் இருக்குதுங்க. வடக்கனந்தல் ரோட்லதான் வருவேன்."

அவளைக் கண்டதும் பேச்சு நின்றது.

இப்போது, சொன்ன ரோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

மரத்தைத் தாண்டிவிட்டால் வடக்கனந்தலில் அவள் அம்மா வீடு. நடந்தே போய்விடலாம். ஆனால் பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். கிளைக்குள் நுழைந்து, அடிமரத்தின் மேல் ஏறி, இறக்கிவிட வேண்டும்.

"நீங்க அந்தாண்ட நில்லுங்க டீச்சர். நான் ஒவ்வொருத்தரா தூக்கியாரேன்."

"வேணாம்! நீங்க எங்கூடவே வாங்க."

ஒரு கையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக இரண்டு பிள்ளைகளைத் தாண்டவைத்தாள். வெறுங்கையோடு அவனும் தாண்டினான். அடுத்த இரண்டு பேருக்காகத் திரும்பியபோது, "வாங்க," என்று அவனையும் திரும்பக் கூட்டிக்கொண்டாள். மறுபடி தாண்டினார்கள். மறுபடி திரும்பினார்கள்.

மிச்சமிருந்த இரண்டு பேரில் ஆயம்மாள் ஒருத்தி. கைகொட்டிச் சிரித்தாள்.

"படகு வெளாட்டுல ஆட்டத் திருப்பிக் கூட்டியாந்தமே, அதே மாரி டிரைவர் மாமாவ கூட்டிகினு போய் கூட்டிகினு வரீங்க டீச்சர்!"

ஆதிமூலம் ரெஜினாவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது கரும்பு சலசலத்தது. கத்தியும் கோடாலியுமாகப் பத்துப் பதினைந்து பேர் ரோட்டில் ஏறினார்கள்.

ஆயம்மாளின் கையைப் பிடித்து இழுத்து, சின்னவன் இருசப்பனை இடுப்பில் போட்டுக்கொண்டு ரெஜினா மரத்தின் மேல் ஏறி விழுந்து தாண்டினாள். சேலை கிழிந்தது. இந்தத் தடவை ஆதிமூலத்தைக் கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பக்கம் வந்துதான் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எல்லோரும் ஆதிமூலத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருவன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தான். டீக்கடையில் பார்த்த ஆள்.

"வண்டிய வுடுங்க வுடுங்கன்னு டீக்கடையில கெஞ்சினியே, முடியாதுன்னு சொன்னனா இல்லியாடா? மறியல் முடியறமுட்டும் வண்டி எடுத்தா கை காலு இருக்காதுன்னு ஊர்க் கூட்டத்துலயே சொன்னமே!"

"புள்ளைங்க மாசக்கணக்கா ஆசப்பட்டுகினு கெடந்துதுங்க அய்யனாருண்ணா. வூட்ல சேத்துட்டு நானே வரேன். அப்பறம் இன்னா வேணா பண்ணுங்க."

"நம்ம ஆளே வண்டி ஓட்டுனா ஊருக்காரன் எவன் நம்மள மதிப்பான்?"

அய்யனார் மரத்துக்கு அப்பால் பார்த்துக் குரலைத் தணித்தான்.

"பயப்படாம போங்க டீச்சர். உங்கள ஆரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இவன் மட்டும் இருக்கட்டும்."

போய்விடலாம். ஆறு பிள்ளைகளும் பத்திரம். ரெஜினா நாலு எட்டு வைத்தும்விட்டாள்.

ஆயம்மாள் நகரவில்லை. கிழிந்த முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், ஆட்ட மட்டும் அந்தக் கரையில வுட்டுட்டோம்."

ரெஜினா திரும்பி மரத்தைப் பார்த்தாள். ஜெபம்கூட வாயில் வரவில்லை. "இங்கயே நில்லு, எல்லாரையும் பாத்துக்க," என்று ஆயம்மாளிடம் சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த இருசப்பனோடு மறுபடி மரத்தில் ஏறினாள்.

கத்திகளுக்கு நடுவே போய், அய்யனாரின் கைக்கும் ஆதிமூலத்தின் முகத்துக்கும் இடையில் பிள்ளையை நீட்டினாள். பயத்தில் இருசப்பன் ஆதிமூலத்தின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டான். சட்டையைப் பிடித்திருந்த கை தானாக இறங்கியது.

எல்லோருக்கும் கேட்கும்படி ரெஜினா சொன்னாள்:

"இவனத் தூக்கிகினு முன்னால நடங்கண்ணா. உங்கள நம்பித்தானே இத்தினி புள்ளைங்களயும் கூட்டியாந்தேன்."