கண்ணாடி எடுக்கப் போனவள்

இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது. விளக்கு அணைந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

அவள் கையில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி.

கீழே, கார் நிறுத்துமிடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அப்பா.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன மகளிடம் பதினோரு வருடம் பேசாத அப்பா. அவளும் பேசவில்லை. அவருடைய பிடிவாதம்தானே அவளுக்கும்.

மதியம் வந்து சேர்ந்தவள் பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றாள். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எடுத்து வந்து போட்டுவிடலாம், அப்புறம் ஆசைதீரப் பார்த்துக்கொள்ளலாம். அப்படித்தான் மேலே போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவுக்கு போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பறைச்சத்தத்தில் யார் காதில் விழும்.

போன் வெளிச்சத்தில் சுவரிலிருந்த அறிவிப்பு தெரிந்தது. பதற வேண்டாம். அபாய மணியை அழுத்தவும். கதவைத் திறக்க முயல வேண்டாம். உதவி வரும்வரை பொறுமையாக இருக்கவும்.

எல்லாம் சரிதான். மணிதான் அடிக்கவில்லை.

கதவைத் தட்டினாள். பறை அதைவிடப் பலமாக அடித்தது. பிறகு தாளம் மாறியது. எடுக்கப்போகிறார்கள்.

வண்டி கிளம்பிவிட்டால் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். அந்த வீட்டு வழக்கம் அது.

"அப்பா" என்று கூப்பிட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

சங்கு ஊதினார்கள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பறை தெருவில் இறங்கி, திரும்பி, தேய்ந்து போனது.

அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது. ஒன்றுமே நடக்காததுபோல் லிஃப்ட் இறங்கியது.

கீழே யாரும் இல்லை. பெட்டி திறந்து கிடந்தது. காவலாளி பிச்சைமுத்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். தினமும் அப்பாவோடு உட்கார்ந்து பேப்பர் படித்த மனிதர். அழுதழுது கண் வீங்கியிருந்தது. லிஃப்டிலிருந்து அவள் வருவதைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டார்.

"தாயீ, பெட்டி சுவிட்சுன்னு நெனச்சு மெயின அமத்திப்புட்டேன். இப்பத்தான் பாத்துப் போட்டேன். உள்ள நீங்களா இருந்தீங்க?"

அவள் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அய்யா மொகத்தப் பாத்துட்டீங்கல்ல?"

அவள் கண்ணாடியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"பாத்துட்டேண்ணே. நல்லாப் பாத்துட்டேன்."