சும்மா கிடந்த கார்டு

“கார்டு சும்மா கிடக்குது சிஸ்டர்” என்றான் ரிப்பேர் பார்க்க வந்த லாயிட், கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து.

ஷோபாவுக்குப் புரியவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்வதற்கென்றே பழைய கம்பெனியின் பி.எஃப். பணத்தைப் போட்டு அவள் வாங்கிய கிராபிக்ஸ் கார்டு அது. மூன்று மாதமாக வீடியோ நகர மறுத்தது. இரண்டு கல்யாணம் கைவிட்டுப் போயிற்று. கையிலிருக்கும் இந்தக் கல்யாண வீடியோவையும் இன்று சாயங்காலத்துக்குள் தராவிட்டால் இனி வேலையே கிடையாது என்று ஸ்டூடியோக்காரர் முனிகிருஷ்ணன் சொல்லிவிட்டார்.

“உன் கைதான் ஸ்லோ. பேசாம இதை விட்டுடு” என்பான் கணவன் ராஜேஷ்குமார். அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

“மதர்போர்டுலயே சின்னதா ஒரு கிராபிக்ஸ் இருக்கு. மானிட்டர் வயர் ரெண்டும் அதுல மாட்டியிருக்கு. காளையக் கட்டிப் போட்டுட்டு கன்னுக்குட்டிய விட்டு வண்டி இழுக்கறீங்க.”

“மூணு மாசம் முன்னாடி இந்த ஸ்ரீராம்புரம் வீட்டுக்கு வந்தப்ப எங்க வீட்டுக்காரர்தான் மாட்டினாரு. பாவம், அவருக்கு இதெல்லாம் தெரியாது.”

“சாருக்கு எந்த ஓட்டைல மாட்டணும்னே தெரியல!” லாயிட் சிரித்தான். “பர்வாகில்ல. ஒரு மானிட்டர் கார்டுல, இன்னொண்ணு போர்டுல. ரெண்டும் சேர்ந்தே இழுக்கட்டும்.”

பக்கத் தகட்டைக் கழற்றிக் கையை நுழைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“அய்யோ, தோசைக்கல்லு! சும்மா கிடக்கறது எப்படிச் சுடும்?”

ஷோபா அதைக் காதில் வாங்கவில்லை. தன் கைமேல் தப்பில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டாள். உடனே ராஜேஷ்குமாரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் ஆபீஸ் நேரத்தில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவன் எடுக்க மாட்டான்.

“ஆஃப் பண்றேன் சிஸ்டர்.”

“பண்ணலாமா? எப்பவும் ஆன்லயே இருக்கணும், இல்லேன்னா கெட்டுடும்பாரு அவரு.”

“ஒண்ணும் ஆகாது.” லாயிட் சுவிட்சை அணைத்தான்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் போன் அடித்தது. ராஜேஷ்குமார்.

“என்னங்க, நானே உங்ககிட்ட சொல்லணும்னு...”

“நெட்டு வழியா வெளியாளுங்களுக்கு கார்டை மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்கு விட்டிருக்கேன், யாருடி ஆஃப் பண்ணது?”