வேலாயுதத்தின் உருண்டை நாற்காலி

“கதவைக் கழற்றினாத்தான் இது உள்ள போகும்லா!” என்றார் லாரிக்கார மாணிக்கம், வேர்வையைத் துடைத்தபடி.

சிங்கப்பூரின் தோ பாயோவில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி. லிப்டுக்குள் நுழையாததால் மாணிக்கமும் இரண்டு ஆட்களும் அதைப் படி வழியாகச் சுமந்து வந்திருந்தார்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு மெத்தை. பெரிய பந்து ஒன்றின் முன்பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, அடியில் ஒற்றைக் கால் வைத்தது போல இருந்தது.

“தண்ணித் தொட்டியா?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டு கதீஜா.

“தண்ணித் தொட்டியா!” வீட்டுக்காரர் வேலாயுதம் வாய்விட்டுச் சிரித்தார். “தங்கச்சி, இது நாற்காலி. ஐரோப்பா டிசைன். நிலாவுக்குப் போறவன் உட்கார வேண்டியது. இந்த புளோக்குலயே, ஏன், சிராங்கூன் ரோடு முழுக்கத் தேடினாலும் இன்னொண்ணு கிடைக்காது. இதோட வரலாறு என்னன்னா...”

வரலாறு முடிவதற்குள் மாணிக்கம் கதவைக் கழற்றி, நாற்காலியை உள்ளே வைத்து, கதவைத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேலாயுதம் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் வேலை. மனைவி ரத்தினம்மா ஆஸ்பத்திரியில் தாதி. அங்கே வேலை பார்த்த ஆங்கிலேய டாக்டர் ஊருக்குத் திரும்புவதால் வீட்டுச் சாமான்களை விற்றார். சிக்கனக்காரி என்று பேரெடுத்த ரத்தினம்மா, யாரும் சொல்லாமலே தன் இரண்டு தங்க வளையல்களை விற்று, புருஷனுக்கு இந்த நாற்காலியை வாங்கிவிட்டாள்.

“ஏன் ரத்தினம், வளையலைப் போயா வித்தே?” என்று அவரே கேட்டார்.

“நாள் பூரா உழைச்சிட்டு வர்றீங்க. நீங்க உட்கார ஒரு நல்ல இடம் வேணாமாங்க?” என்றாள் அவள்.

அந்த ஒரு வாக்கியத்தை வேலாயுதம் ஆபீஸில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் மாலை ஆறு மணிக்கு வந்தால், குளித்துவிட்டு நாற்காலிக்குள் ஏறிக்கொள்வார். ரத்தினம்மா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, “காத்து வரட்டும்” என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் சுழற்றிவிடுவாள். அவர் பத்திரிகையை விரித்துத் தலைப்பிலிருந்து விளம்பரம் வரை உரக்கப் படிப்பார். ஒவ்வொரு செய்திக்கும் தன் கருத்தைச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய நண்பர் அழகப்பன் பார்க்க வந்தார்.

“நானும் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கட்டா?”

“அதெல்லாம் பழகினவங்கதான் உட்கார முடியும்பா. நீ அந்த ஸ்டூல்ல உட்காரு. இதுக்குள்ள பேசினா என் குரல் எனக்கே கணீர்னு கேக்குது! ரேடியோவில பேசுற மாதிரி. அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போனானே, அவன் செஞ்ச தப்பு என்னன்னா...”

ரத்தினம்மா வந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அழகப்பன் அரை மணி நேரம் வெள்ளை உருண்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கிளம்புறேன் வேலா” என்று மூன்று முறை சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் போனது இரவுச் சாப்பாட்டின்போதுதான் வேலாயுதத்துக்குத் தெரிந்தது.

மகள் கண்மணி நாற்காலிக்குப் பின்னால், சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தாள். போன வருஷம் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தோற்றுப்போனவள். இதுதான் கடைசி வாய்ப்பு. இந்த முறையும் தோற்றால் மில்லில் வேலைக்கு அனுப்பிவிடுவதாக வேலாயுதம் சொல்லியிருந்தார்.

“என் பேச்சைக் கேக்கல, ஃபெயிலாயிட்டா” என்பது அவர் தீர்ப்பு.

பரீட்சை முடிந்தது. மார்ச் மாதம் முடிவு வந்தது. கண்மணி முதல் தரத்தில் தேறியிருந்தாள்.

வேலாயுதம் நாற்காலியை விட்டு இறங்கித் தாழ்வாரத்துக்கே வந்துவிட்டார். “இந்த வருஷம் என் பேச்சைக் கேட்டா, பாஸாயிட்டா! தினமும் சாயங்காலம் மூணு மணி நேரம் புத்திமதி சொன்னேன். எப்படிப் படிக்கணும், எப்படி எழுதணும்...” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தொண்டை கட்டிப் போனதும் காப்பி கேட்டுவிட்டுத் திரும்பவும் நாற்காலியில் ஏறிக்கொண்டார்.

கதீஜா ஒரு தட்டு நிறையக் குவே பலகாரம் கொண்டுவந்து கண்மணி வாயில் ஒன்றை ஊட்டினாள். பிறகு ரத்தினம்மாவை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

“உன்னை மாதிரி பொம்பளையை நான் பார்த்ததில்ல ரத்தினம்மா. புருஷன் சொகுசா உட்கார வளையலை வித்தியே! நானா இருந்தா செய்ய மாட்டேன்லா.”

ரத்தினம்மா ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்திருந்த உருண்டையின் ஓரத்தில் ஒரு கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“அது அவருக்கு வாங்கினது இல்லக்கா. கண்மணிக்கு வாங்கினது.”

“கண்மணிக்கா? அவ ஒரு நாள்கூட அதில உட்கார்ந்து நான் பார்க்கலையே!”

“அவ படிக்க ஒரு மேசை வாங்கத்தான் டாக்டர் வீட்டுக்குப் போனேன். விலையைக் குறைச்சுக் கேட்டேன். டாக்டரம்மா இந்த நாற்காலிக்குள்ள உட்கார்ந்துகிட்டு, ஜன்னலைப் பார்த்து அரை மணி நேரம் என்னைக் கண்டபடி திட்டியிருக்காங்க. அவங்களுக்கு முன்னால நின்ன ஆயா அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பின்னால நின்ன என் காதுல ஒரு வார்த்தை விழல!” என்றாள் ரத்தினம்மா. “மேசையை விட்டுட்டு, அங்கேயே வளையலைக் கழற்றிட்டேன்.”