பதினோராவது பட்டம்

மூன்று தலைமுறைக்கு முன்பு அந்தப் பழைய ஸ்கூட்டரின் சீட்தான் பூனை வம்சத்தின் சிம்மாசனம். ஒரு மழைநாளில் நாய் ஏறிப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து ராஜ குடும்பம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்தான் குடியிருக்கிறது.

ஒரு மத்தியானம் நாய் குறட்டை விடுவதை இப்போதைய ராஜா பார்த்துவிட்டார்.

"இதுதான் சமயம். சத்தம் போடாமல் போய் மூக்கில் ஒரு பிறாண்டு பிறாண்டினால் ஓடிப்போய்விடும்" என்றார்.

அவருக்குக் கட்டியம் கூறும் மைனா தயங்கியது. "மன்னா, பட்டங்களைச் சொல்லாமல் எப்படிப் படையெடுப்பது? நாம் என்ன திருட்டுப் பூனைகளா?"

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சொல்லு, எல்லாவற்றையும் சொல்லு!"

ராஜா சீட்டில் ஏறி நகத்தை ஓங்கினார். மைனா ஸ்கூட்டர் கண்ணாடிமேல் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "ராஜாதி ராஜ! எலிகுல காலாந்தக! பால்சட்டி கொண்ட பெருமாள்! கூரை ஏழும் கடந்த கோமானே!"

நாய் ஒரு கண்ணைத் திறந்தது. "இன்னும் எத்தனை இருக்கிறது?"

"ஆறு" என்றது மைனா.

பட்டங்கள் முடியாமல் அடிப்பது முறையில்லை என்பதால் ராஜா ஓங்கிய கையோடு நின்றார். நாய் பொறுமையாகப் பத்தையும் கேட்டு முடித்தது. பிறகு ஒரே ஒரு தடவைதான் குரைத்தது.

தொட்டிக்கு அடியில் ராஜா மூச்சிரைக்கக் கேட்டார்: "எங்கே தவறிப்போனது?"

"பட்டம் போதவில்லை மன்னா. 'ஸ்கூட்டர்மேல் படைநடத்திய தீரன்' என்று இன்றைக்கு ஒன்று சேர்த்துவிடலாம்."

ராஜாவின் முகம் தெளிந்தது.

"உங்கள் தாத்தா படையெடுத்தபோது வெறும் மூன்றுதான் இருந்ததாம்" என்றது மைனா.